சொல்லமாட்டேன் அண்ணனும் எங்கள் பழைய ஃபிரிட்ஜும்

திருவண்ணாமலையில் பிறந்து ஒருமுறைகூட மலையைச் சுற்றாதவரைக் கண்டுபிடித்துவிடலாம். சொல்லமாட்டேன் அண்ணனிடம் நேரான பதில் வாங்கியவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. செங்கம் ரோட்டுக்கு உள்ளடங்கிய தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது எதிர் போர்ஷனில் தனியாக இருந்தவர். பெயர் கேட்டால் "எதுக்கு?" என்பார். ஊர் கேட்டால் "சொல்லமாட்டேன்" என்பார். கடைசியில் அதுவே பெயராகிவிட்டது.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறினார்.

"எங்க சார் போணும்?"

"நீ நேரா போப்பா, சொல்றேன்."

விலாசத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை. பேச்சு மும்முரத்தில் திரும்ப வேண்டிய இடத்தைச் சொல்ல மறந்துபோய், ஆட்டோ கிரிவலப் பாதை முழுவதையும் சுற்றிவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு நாள் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர், போனுக்கு வந்திருக்கும் நம்பரைக் கேட்டார்.

"அத யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு டிவியிலயே சொல்றாங்க."

"இது கேஸ் நம்பர் சார். சொன்னாதான் எறக்குவேன்."

"அப்ப எடுத்துட்டுப் போ."

சிலிண்டர் போயே போய்விட்டது. அடுத்த சிலிண்டர் வரும்வரை அண்ணனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "இன்னா கொழம்பு வெக்கட்டும்ணா?" என்று என் மனைவி கலா கேட்டதற்கும் ஒரு நிமிடம் யோசித்தார்.

வேங்கிக்காலில் சொந்தமாக ஒரு வீடு வாங்கப் பேசி முடித்தபோது, பழைய ஃபிரிட்ஜை விற்க இணையத்தில் படம் போட்டோம். ஒருவர் போன் செய்தார். பேரம் பேசவில்லை. ராணுவத்தில் இருப்பதாகவும், அட்வான்ஸ் இப்போதே அனுப்புவதாகவும் சொன்னார். ஒரு கியூஆர் கோடும் வந்தது. வாசலில் நின்று ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன்.

"ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், பணம் உங்களுக்கு வந்துரும்."

வீட்டுக்காகச் சேர்த்ததெல்லாம் அந்த போனோடு இணைந்த கணக்கில்தான் இருந்தது. அது உறைக்காமல் பாதி பின் நம்பரை அழுத்திவிட்டேன். எதிர் வாசலிலிருந்து அண்ணன் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து போனைப் பிடுங்கினார்.

"ஏம்பா, உண்டியல்ல காசு போடறவன் சாவி கேப்பானா? பணம் வாங்கறவருக்கு எதுக்குப்பா பின் நம்பரு?"

"நீங்க யாரு?" என்றது குரல்.

"சொல்லமாட்டேன்."

லைன் துண்டிக்கப்பட்டது. போனைத் திரும்ப வாங்கி, அழுத்தியிருந்த பாதி நம்பரை அழித்தேன்.

மறுநாள் ஒரு டீச்சரம்மா நேரில் வந்து ஃபிரிட்ஜைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, பணம் போட அக்கவுண்ட் நம்பர் கேட்டார். நான் பயந்துபோய் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் சிரித்தார்.

"அத குடுக்கலாம்பா. பணம் போடறவங்களுக்கு அக்கவுண்ட் நம்பரும் பேங்க் கோடும் போதும். பின்னு, ஓடிபி, கார்டு நம்பர், இதெல்லாந்தான் தரக்கூடாது. மெசேஜ நம்பாத. அக்கவுண்ட்ல ஏறிடுச்சான்னு பாத்துட்டு வண்டியில ஏத்து."

"இவ்ளோ வெவரம் எப்டிணா?" என்றாள் கலா.

வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தோம். அவர் தரையைப் பார்த்தபடி, "என் ஸ்கூட்டர விக்கறப்போ ஒருத்தன் இப்டிதாம்மா பேசனான். பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருந்தது பூராவும் போச்சு. அன்னிக்குப் பக்கத்துல யாரும் இல்ல" என்றார்.

கலா உள்ளே போய் அவருக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வேங்கிக்கால் வருகிறார். உட்கார்ந்ததும், "யார்னா போன் பண்ணாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பண்ணியிருந்தாலும், அவர் சூடாகக் காபி குடித்து முடிக்கும்வரை அதைப் பற்றி நான் மூச்சுவிடுவதில்லை.