ஈரல் மாஸ்டரும் ஒரு றாத்தல் பாணும்

பசியைக் கண்டு சந்தோஷப்பட்ட மனிதர் திருகோணமலை முழுவதற்கும் ஒருவர்தான். அவர் நாங்கள் வாடகைக்குத் தங்கிச் சாப்பிட்ட போடிங்கின் முன்னறையில் இருந்தார்.

விலங்கியல் ரியூசன் வாத்தியார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் ஈரல் மாஸ்டர். பல்கலைக்கழகத்தில் எலிகளைப் பட்டினி போட்டு, பிறகு தீனி கொடுத்து, ஈரலின் உயிர்க்கலங்களுக்குள் செய்தி கடத்தும் புரதங்கள் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தவர். நாட்டில் மூண்ட சண்டையால் ஆராய்ச்சி பாதியில் நின்றது. எலிகள் தப்பின. நாங்கள் அகப்பட்டோம்.

அந்தக் கிழமை முழுக்க ஊரடங்கு. கிண்ணியாவிலிருந்து சாமான் ஏற்றி வரும் படகு இல்லை, கடை இல்லை. போடிங் நடத்திய ராசம்மா அக்கா ஒரு நேரக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த நான் சுருண்டு படுத்திருந்தேன். மாஸ்டர் என் வயிற்றின் வலது பக்கத்தைப் பாசத்தோடு பார்த்தார்.

"தம்பி, உங்கட ஈரலில இருந்த சீனிச் சேமிப்பு முடிஞ்சுது. இன்சுலின் குறைஞ்சு அந்தப் புரதமெல்லாம் இப்ப நித்திரை. நல்ல வடிவான கட்டம்."

வெளியே போய்ச் சொல்லுங்கோ என்றேன். ஊரடங்கு, ஏலாது என்றார்.

ஊரடங்கைச் சற்றுத் தளர்த்தியபோது பேக்கரி வரிசையில் நின்று ஒரு றாத்தல் பாண் வாங்கி வந்தேன். முற்றத்து மேசையில் அதை வைத்ததும் மாஸ்டர் குறுக்கே கை நீட்டினார். முதல் வாய் உள்ளே போனதும் இன்சுலின் வந்து கலத்தின் கதவைத் தட்டுமாம். ஒரு புரதம் எழும்பி, அடுத்ததில் பொஸ்பேற்றை ஒட்டி அதையும் எழுப்புமாம். கடைசியில் ஈரல் சீனி செய்வதை விட்டுச் சேமிக்கத் தொடங்குமாம். இதெல்லாம் விளங்காமல் சாப்பிடுவது ஈரலை அவமதிப்பதாம். கண்ணை மூடி, கையை ஆட்டி விளக்கினார். நாங்களும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

அவர் கண்ணைத் திறந்தபோது, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று மேசையருகே நின்றது. பாணில் அரைவாசி அதற்குள் போயிருந்தது.

"இப்ப அதின்ர ஈரலில..." என்று தொடங்கிய மாஸ்டர், முடிக்காமல் அப்படியே மண்ணில் சரிந்தார்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. தன் பங்குக் கஞ்சியை ஒவ்வொரு நாளும் யாருக்கும் தெரியாமல் பானைக்குள்ளேயே திருப்பி ஊற்றியிருக்கிறார். ஏன் என்று அக்கா அதட்டினார்.

"ஒப்பிட்டுப் பாக்க ஒராளாவது முழுப்பட்டினி கிடக்க வேணுமெல்லோ" என்றார் மாஸ்டர், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா மிஞ்சிய பாணைத் தேத்தண்ணியில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயில் வைத்தார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ ஊரடங்குகள் வந்தன. கஞ்சியை எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, மாஸ்டர் குடித்து முடிக்கும்வரை அவர் கோப்பையைத் தன் பக்கத்திலேயே இழுத்து வைத்துக்கொண்டு, "மாஸ்டர், இப்ப ஈரலில என்ன நடக்குது, சொல்லுங்கோ" என்று அக்காவே கேட்பார்.