ஆயில் முடிவாகட்டும்

கஞ்சன் என்று மட்டும் சொல்லாதீர்கள். யாகப்பனைப் பற்றி வேறு எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், காது கொடுத்துக் கேட்கலாம். வண்டிக்கு ஆயில் வாங்கி ஊற்ற மனசு வராத கஞ்சன் என்று எதிர் வீட்டுச் சந்திரம்மாள் குழாயடியில் நின்று சொன்னாளே, அது அபாண்டம். அவனிடம் ஆயில் இல்லாமலா இருந்தது? ஒரு வண்டிக்கு இரண்டு டின் இருந்தது. அதுதான் வினை. ஒரே டின்னாக இருந்திருந்தால் அன்றைக்கே ஊற்றி, உதைத்து, புழுதி கிளப்பிக்கொண்டு போயிருப்பான்.

சோம்பேறி என்றும் சொல்லக் கூடாது. அந்த இரண்டு டின்களுக்காக அவன் அலைந்த அலைச்சலை எந்தச் சோம்பேறி அலைவான்?

அவன் ஒரு தனி இனம். ஆண்டவர் மனிதர்களைப் படைத்தபோது சிலரை முடிவெடுக்கப் படைத்தார், சிலரை மற்றவர் எடுத்த முடிவில் குற்றம் கண்டுபிடிக்கப் படைத்தார், மிச்சமிருந்த களிமண்ணை இப்படிப் பிசையலாமா அப்படிப் பிசையலாமா என்று அவரே கொஞ்சம் தாடையைத் தடவிக்கொண்டு நின்ற நேரத்தில் ஒருவன் கையிலிருந்து நழுவி எழுந்து நடந்துவிட்டான். அவன் வழி வந்தவர்கள்தான் 'இரண்டில் எது நல்லது' இனத்தார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய்கறிக் கடையில் இரு கையிலும் இரண்டு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு நியாயம் விசாரிக்கிறவர், சட்டைத் துணி எடுக்கப் போய் இரண்டு துணியையும் வெயிலில் காட்டி, நிழலில் காட்டி, கடைக்காரர் கடையைச் சாத்தும்போது 'நாளைக்கு வரேன்' என்கிறவர், பஸ் வந்து நின்றால் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, 'பின்னால காலியா ஒண்ணு வருதா?' என்று அந்தக் கண்டக்டரையே கேட்கிறவர். எல்லாம் ஒரே வம்சம். கெட்டவர்கள் இல்லை. கெட்டது செய்வதற்கும் ஒரு முடிவு வேண்டுமே.

யாகப்பன் வீடு ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. ஸ்ரீபெரும்புதூரில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். எண்பத்தாறாம் வருஷம் அவனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது, பட்டாளத்தார் ஏலம் விட்டது. வீட்டில் பெண்சாதி லூர்து மேரி. கூடவே அவன் அக்கா செல்வமேரி. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்தவள். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நாற்று நட்டு நட்டு இரண்டு முட்டியும் போய்விட்டது. 'தேய்ஞ்சு போச்சும்மா, தைலம் போட்டு நல்லா உருவுங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டார். கக்கூஸுக்குப் போக வரவே சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.

அந்தச் செல்வமேரிக்கு ஒரு சேதி வந்தது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட சித்தி மகள் ஞானம்மாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஞானஸ்நானம் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், கழிந்த அடுத்த ஞாயிறு, ஞானத்தாயாக நின்று குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டியவள் செல்வமேரி. பிள்ளை பெறாதவள் கையிலா என்று புருஷன் வீட்டில் முனகினார்களாம். 'எங்க அக்காதான் தூக்கணும்' என்று ஞானம்மா பிடித்த பிடியில் நின்றாளாம். செல்வமேரி வரவில்லை என்றால் தூக்கிக்கொள்ள ஞானம்மாவின் நாத்தனார் தயார், புதுப் புடவை முதற்கொண்டு.

செல்வமேரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. சந்தோஷம் வந்தாலும் சிலருக்குப் பசிக்காது.

"நான் வண்டில கூட்டிம்போறேங்க்கா," என்றான் யாகப்பன். "பஞ்சு மேல ஒக்காந்தா மாதிரி போலாம். வண்டிக்கு ஆயில மட்டும் மாத்திடறேன்."

இது நடந்தது தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுநாள். கையில் நாற்பது நாளுக்கு மேல் இருந்தது.

கூட்டு ரோட்டு மெக்கானிக் பலராமன் தட்டோடு வந்தான். வண்டிக்கு அடியில் தட்டை வைத்துத் திருகாணியைக் கழற்றினான். பழைய ஆயில் சுக்குக் கஷாயம் மாதிரி இறங்கியது. வண்டியின் வயிறு காலி.

"ஆயில குடுண்ணா."

யாகப்பன் உள்ளே போய் ஒரு டின் கொண்டுவந்தான். காஞ்சிபுரத்தில் வாங்கியது, ஊரில் எல்லோரும் ஊற்றுகிற சாதா ஆயில். திரும்பவும் போய் இன்னொரு டின் கொண்டுவந்தான். லூர்து மேரியின் அண்ணன் சாலமோன் குவைத்திலிருந்து வரும்போது பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. சிந்தெடிக். பூமியிலிருந்து எடுத்துக் காய்ச்சியது அல்ல, ஃபாக்டரியில் உட்கார்ந்து தயாரித்தது. தங்க நிற டின்.

"ரெண்டுல எத ஊத்தட்டும்?" என்றான் பலராமன்.

பாவி, அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

"இரு, அவசரப்படாத," என்றான் யாகப்பன். "இன்ஜின்றது இன்னா, சொப்பு சாமானா?"

பலராமன் ஒரு பீடி முடிகிற வரைக்கும் இருந்தான். அப்புறம் தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த விசாரணையைப் போல எந்தக் கோர்ட்டிலும் நடந்திருக்காது. சாதா ஆயில் நம் ஊர் வெயிலுக்குப் பழகினது, பழைய இன்ஜினுக்குப் பாந்தமாக இருக்கும்; ஆனால் சீக்கிரம் கறுத்துவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். சிந்தெடிக் சூட்டில் இளகாது, குளிரில் உறையாது ('ஒரகடத்துல எப்ப ஒறஞ்சுது?' என்றாள் லூர்து மேரி), இரும்போடு இரும்பு உரசுகிற இடத்துக்கெல்லாம் தானே போய் உட்கார்ந்துகொள்ளும், தேய்மானம் என்ற பேச்சே கிடையாது, ஆனால் பழைய இன்ஜினில் சந்து பொந்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருப்பது அழுக்குத்தான், இது அந்த அழுக்கைக் கழுவிவிட்டால் அப்புறம் ஒழுக ஆரம்பித்துவிடும் என்கிறார்களே. யார் என்கிறார்கள்? டிரங்க் ரோட்டு டீக்கடையில் பெங்களூர் லாரி டிரைவர் ஒருவர் என்கிறார். சிந்தெடிக்தான் ஊற்ற வேண்டும் என்று யார் சொன்னது? அதே டீக்கடையில், அதே பெஞ்சில், வேலூர் லாரி டிரைவர். யாகப்பன் இருவர் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டு, இருவருக்கும் டீ சொன்னான். கம்பவுண்டரைக் கேட்டான். பாவசங்கீர்த்தனம் செய்யப் போன இடத்தில், பாவத்தை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் சாமியாரையும் கேட்டான். 'எதை ஊற்றினாலும் மெதுவாக ஓட்டு' என்று சொல்லி, பரிகாரச் செபத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து அனுப்பினார்.

"ரெண்டையும் கலந்து ஊத்திட்டா இன்னா?" என்றாள் லூர்து மேரி.

ஒரே பந்தலில் ஒரே பெண்ணுக்கு இரண்டு பேரைத் தாலி கட்டச் சொன்னாற்போல அவளைப் பார்த்தான்.

பரிசோதனை வேறு. வாசலில் ஒரு கூரை ஓட்டைச் சாய்த்து வைத்து, இந்த ஆயிலில் ஒரு சொட்டு, அந்த ஆயிலில் ஒரு சொட்டு விட்டு, எது முதலில் கீழே வருகிறது என்று குனிந்து பார்ப்பான். தெருவே கூடி நின்று பார்க்கும். குவைத் சொட்டு ஜெயித்தது. ஊர் கைதட்டியது. யாகப்பன் முகம் வாடிவிட்டது.

"இப்டி ஓடுதே. இன்ஜின்ல நிக்குமா?"

மறுநாள் விடியற்காலைப் பனியில் வைத்தான். காஞ்சிபுரத்துச் சொட்டு அசையாமல் நின்றது.

"இப்டி நிக்குதே. இன்ஜின்ல ஓடுமா?"

இதற்கு நடுவில் வேலைக்குப் போவது எப்படி? சைக்கிளில். காலையில் எழுந்து மோட்டார் சைக்கிளைத் துடைப்பான், கண்ணாடியில் தலையைச் சீவிக்கொள்வான், பக்கத்தில் சாய்த்திருக்கிற சைக்கிளை எடுத்து மிதித்துக்கொண்டு போவான். வழியில் யாராவது 'வண்டி இன்னா ஆச்சு யாகப்பா?' என்றால் ஒரே பதில்: "ஆயில் முடிவாகட்டும்."

கிண்டல் செய்கிறீர்கள். ஆனால் வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த செல்வமேரிக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கல் மாதிரி விழுந்தது. தைலம் தீர்ந்துவிட்டது. அதை வாங்கக் காஞ்சிபுரம் போக வேண்டும், போக வண்டி வேண்டும், வண்டிக்கு ஆயில் வேண்டும், ஆயில் முடிவாகட்டும். மாட்டு வண்டி வைத்திருந்த நரசிம்மன், 'அக்காவ நான் கொண்டுபோய் வுட்டு வரேன்' என்று தானே வந்து கேட்டார். யாகப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மோட்டார் வண்டி நிக்கிற வூட்லேர்ந்து கட்ட வண்டில போறதா? நாளைக்கு நான் ரோட்ல தல காட்ட வாணாமா?"

நரசிம்மன் போய்விட்டார். செல்வமேரி தம்பியைத் திட்டவில்லை. தூக்கி வளர்த்தவள். அவன் சின்ன வயதில் இடுப்பை விட்டு இறங்கும்போதே எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்று யோசித்தவன் என்பது அவளுக்குத் தெரியாதா? ஆனால் அன்று மத்தியானம், அவன் வேலைக்குப் போன பிறகு, அவள் லூர்து மேரியைக் கூப்பிட்டாள்.

"மேரி, அந்த டின்ன எடு."

"எந்த டின்னு அண்ணி?"

"நீயுமா ஆரம்பிக்கிற? எடுடி எதையாவது."

லூர்து மேரி தங்க டின்னை எடுத்து வந்தாள். செல்வமேரி புடவையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டாள்.

"தேயிற எடத்துல இது போய் ஒக்காந்துக்குதாம். உன் புருஷன் தெனம் ஊருக்கே சொல்றான். டாக்டர் இன்னா சொன்னாரு எனக்கு? தேஞ்சு போச்சுன்னாரு. ஊத்து."

வலது முட்டிக்குப் போட்டு உருவினார்கள். இடது முட்டிக்கும் அதையே ஊற்றினால் டின் குறைந்தது தெரிந்துவிடும் என்று லூர்து மேரிக்கு யோசனை வந்தது. அதனால் இடதுக்குக் காஞ்சிபுரம். இரண்டு டின்னும் சமமாகக் குறைந்தால் யாகப்பனுக்குச் சந்தேகம் வராது பாருங்கள், அவன் எப்போதும் ஒன்றை வைத்துத்தானே இன்னொன்றைப் பார்ப்பவன்.

அன்றிலிருந்து தினம் இது நடந்தது. லூர்து மேரி மாவு பிசைகிற கையால் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே வழித்து உருவுவாள், பிறகு நாத்தனாரைக் கையைப் பிடித்துக் கொல்லையில் நடக்க விடுவாள், முருங்கை மரம் வரைக்கும் ஒரு நாள், கிணறு வரைக்கும் ஒரு நாள், இரண்டு பேரும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பெண்கள் மாதிரி சிரிப்பார்கள். பெரிய வெள்ளிக்கிழமை கூட நிறுத்தவில்லை. அன்று சிரிப்பை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் யாகப்பன் மூக்கை உறிஞ்சினான்.

"இன்னாது, வூடு பூரா பட்டற வாசன வருது?"

"பட்டறையில வேல செய்யறவன் வூடு பின்ன எப்டிடா இருக்கும், மல்லிப்பூ வாசனையா வரும்?" என்றாள் செல்வமேரி, முழங்காலைப் புடவையால் மூடிக்கொண்டு.

பாஸ்காவும் வந்து போனது. ஞானஸ்நானத்துக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி யாகப்பன் சோற்றைப் பிசைந்தபடி அறிவித்தான்: "நாளைக்குக் காத்தால கண்டிப்பா முடிவு."

ஞாயிறு காலை. பலராமன் தட்டைத் திரும்ப வாங்கிப் போக வந்து, அதுதான் சமயம் என்று வண்டிப் பக்கம் உட்கார்ந்தான். யாகப்பன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு டின்னையும் முன்னால் வைத்துக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தங்க டின்னைத் தூக்கினான். கை சும்மா மேலே போய்விட்டது. மற்றதைத் தூக்கினான். அதுவும் அப்படியே.

"ஆயில் எங்க?"

"என் முட்டில," என்றாள் செல்வமேரி.

கஞ்சி போட்ட புடவை, தலையில் முக்காடு, கையில் குழந்தைக்கு ஒரு சின்னச் சிலுவை. எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை.

"ரெண்டுமா?"

"சோத்தாங்கை பக்கம் குவைத்து. பீச்சாங்கை பக்கம் காஞ்சிவரம். மணியாவுது, மேரி, கொடைய எடு."

சொல்லிவிட்டு வாசற்படியைத் தாண்டினாள். தெருவில் இறங்கினாள். சந்திரம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். பலராமன் எழுந்தே நின்றுவிட்டான். மெதுவாகத்தான் நடந்தாள், ஆனால் நடந்தாள், கூட்டு ரோட்டை நோக்கி, பஸ்ஸுக்கு.

யாகப்பன் பின்னாலேயே ஓடினான். ஆயில் போயிற்றே என்று சண்டை போட ஓடினான் என்கிறீர்களா? அவன் முகத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். இத்தனை நாள் தேடினது கண்ணெதிரே நடந்து போகிறதே.

"அக்கா, நில்லேன். எந்த முட்டி நல்லா மடங்குது?"

லூர்து மேரி குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தாள்.

"ஏறி எறங்கும்போது எது வலிக்கல, அத மட்டும் சொல்லு."

கூட்டு ரோட்டில் பஸ் நின்றது. லூர்து மேரி பின்னாலிருந்து தாங்க, செல்வமேரி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். யாகப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"படியில மொதல்ல எந்தக் கால வச்ச?"

"ரெண்டும் என் காலுதாண்டா," என்றாள் செல்வமேரி. "ஏர்றியா, இல்ல பின்னால காலியா ஒண்ணு வருதான்னு பாக்குறியா?"

பஸ் புறப்பட்டுவிட்டது. யாகப்பன் கூட்டு ரோட்டிலேயே நின்று, பின்னால் காலியாக ஒன்று வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏரிக்கரைக் கோயிலில் அன்று குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றவள் செல்வமேரிதான். தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை அழுதது, தூக்கினவளும் அழுதாள், புதுப் புடவை நாத்தனார் தூணோரம் நின்று பார்த்தாள். இதை இந்த இடம் வரைக்கும் சொன்னால், கேட்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, 'அது இருக்கட்டும், எந்த முட்டி சீக்கிரம் குணமாச்சு?' என்கிறார்கள்.

உங்கள் நாக்கு நுனியிலும் அதுதான் நிற்கிறது என்றால், ஒன்றும் வெட்கப்பட வேண்டாம். இதை மூடி வைத்துவிட்டு, உங்கள் வாசலில் யாராவது புறப்பட்டு, உங்கள் முடிவுக்காக உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.