ஒன்றுமில்லை என்று எழுதிய டப்பா

பேராசை எனக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைப் படித்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ஒரு பழைய நகைச்சுவைப் படம். எங்கேயோ ஒரு பெட்டி நிறையப் புதையல். அதைத் தேடி ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு கல்யாண மாப்பிள்ளை, அந்த மாப்பிள்ளையின் மாமியார். ஓடுகிறார்கள். விழுகிறார்கள். எழுந்து ஒருவர் காலை ஒருவர் வாருகிறார்கள்.

எங்கள் ஹாலில் நான்கு பேர். நான், பூட்டு ரிப்பேர் செய்து ஓய்ந்தவன். என் மனைவி. அவள் தம்பி, பஸ் டிரைவர். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தபால்காரர். பின்னவர்கள் இருவரையும் படம் பார்க்க அவள்தான் கூப்பிட்டிருந்தாள். யாரையும் எதற்கும் கூப்பிடாதவள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

"மடப்பயலுங்க," என்றேன். "ஒரு பெட்டிக்காக இப்படியா? என்னை இந்தப் படத்துல போட்டிருந்தா முதல் சீன்லயே படம் முடிஞ்சிருக்கும்."

"ஏன் மாமா?" என்றான் மச்சினன்.

"நான் உக்காந்த எடத்தைவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன்."

"அது மட்டும் நிஜம்," என்றாள் மனைவி.

என் ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. நல்ல ஜன்னல் ஒன்று உண்டு. டப்பாக்கள் மறைப்பதால் அது எனக்கே மறந்துபோயிருந்தது. நாற்பது வருஷச் சேகரிப்பு. சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, ஸ்பிரிங், கீல், பாதித் தாழ்ப்பாள். ஒரு தடவை சாம்பல் நிறப் பெயிண்ட் மிச்சமிருந்தது. வீணாக்குவானேன் என்று எல்லா டப்பாவுக்கும் அடித்துவிட்டேன். எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டினேன். எல்லாமே பொய்.

காரணம் மச்சினன். அவனுக்கு இரவல் வாங்கும் வியாதி. 'ஸ்க்ரூ' என்று எழுதினால் ஸ்க்ரூ போய்விடும். ஆகவே ஸ்க்ரூ டப்பாவில் 'வாஷர்'. வாஷர் டப்பாவில் 'கீல்'. எதில் எது என்ற கணக்கு என் தலையில் இருந்தது. தலைமுடி போனபோது அதுவும் கூடவே போய்விட்டது.

மனைவி தையல் வேலை செய்கிறாள். மிஷின் சமையலறைக்கு வெளியே நடையில். நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அவள் முழங்கையில் இடிப்பேன். தையல் கோணும். ஷெட்டைக் காலி பண்ணிக் கொடுங்க என்பாள். பார்க்கலாம் என்பேன். நான் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

படம் முடிந்தது. அவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

"எங்கப்பா டப்பாவும்தான் கெடக்குது. தேடத்தான் ஆள் இல்ல."

"எந்த டப்பா?"

"வீடு மாத்தினப்ப உங்ககிட்ட குடுத்தேனே, ஷெட்டுல வைங்கன்னு. பத்தொம்பது வருஷமா கேக்குறேன்."

"பழைய டப்பாதானே."

"பழசுதான், நீல டப்பா. அப்பா போறதுக்கு மொத நாள் என் கையில குடுத்தாரு. 'இது உன்கிட்ட இருந்தா சாப்பாட்டுக்குக் கவலையில்லம்மா'ன்னாரு."

மச்சினன் டிவியை அணைத்தான்.

என் மாமனார் தையல்காரர். மகாக் கஞ்சர். ஊர் முழுக்கச் சட்டை தைத்தவர் இரண்டே சட்டையோடு செத்தார். சம்பாதித்தது எங்கே போனது என்று மச்சினன் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறான்.

"கனமா இருக்குமா அக்கா?"

"தூக்கினா கை இழுக்கும்."

மச்சினன் எழுந்தான். தபால்காரர் எழுந்தார். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காத நான், அவர்கள் இருவருக்கும் முன்னால் ஷெட் வாசலில் நின்றேன்.

"அப்பா சொத்து, எனக்குப் பாதி," என்றான் மச்சினன்.

"ஷெட் யாருது? அதுல இருக்கிறது யாருது?"

"டப்பா யாருது மாமா?"

"அண்ணே, எனக்கு ரொம்ப வேணாம்," என்றார் தபால்காரர். "முப்பது வருஷம் விலாசம் தேடினவன். என் கண்ணுக்குத்தான் மொதல்ல படும். அதுக்கேத்த மாதிரி ஏதாவது போட்டுக் குடுங்க."

"உங்களை யாருய்யா கூப்பிட்டா?"

"உங்க வீட்டம்மாதான்."

மூன்று பங்கு என்று முடிவாயிற்று. டப்பாவுக்குச் சொந்தக்காரிக்கு ஒரு பங்கு உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை தேடினோம். எல்லா டப்பாவும் ஒரே சாம்பல். லேபிளை நம்பவும் முடியாது. ஒவ்வொன்றாகத் திறந்துதான் ஆக வேண்டும். மூடிகள் துருப்பிடித்திருந்தன. தபால்காரருக்கு நகம் போயிற்று. மச்சினன் பஸ்ஸுக்கு லீவு போட்டான். நான் திறந்த டப்பாவை அவன் திறப்பான். அவன் திறந்ததை நான் சந்தேகப்பட்டு மறுபடி திறப்பேன்.

மனைவி டீ கொண்டுவந்தாள்.

"ஏங்க, பார்த்ததையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. பார்த்து முடிச்சதை வெளிய வாசல் கேட் பக்கம் போட்டுட்டா குழப்பம் இருக்காதுல்ல?"

நியாயமாகப் பட்டது. கேட்டோரம் கொண்டுபோய்க் குவித்தோம். செவ்வாய்க்கிழமை அலமாரியையும் பிரித்துக் கொண்டுபோனோம், பின்னால் விழுந்திருக்குமோ என்று. யோசனை அவளுடையது. தரையைக் கூட்டினோம், மண்ணுக்குள் இருக்குமோ என்று. அதுவும் அவளுடையதுதான். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தோம். ஏன் துடைத்தோம் என்று இப்போதுவரை எனக்குத் தெரியாது. வெளிச்சம் போதவில்லை என்று அவள் சொன்னதாக ஞாபகம்.

புதன்கிழமை மூன்று மணி. ஷெட்டில் என் வேலை மேஜை மட்டும்தான் மிச்சம். மூன்று பேரும் சுவரில் சாய்ந்து கிடந்தோம். கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் துரு.

"மேஜை ஆடுமே, இப்ப ஆடலையே," என்றாள் வாசலிலிருந்து.

எட்டிப் பார்த்தேன். மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் ஒரு சாம்பல் டப்பா. முட்டுக் கொடுத்தவன் நான்தான். லேபிள் என் கையெழுத்து: 'ஒன்றுமில்லை'.

மச்சினன் லேபிளைப் படித்தான். "மாமா, உங்க லேபிள் எல்லாம் பொய்தானே?"

"ஆமா."

"அப்ப ஒண்ணுமில்லைன்னா..."

மூவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். மூன்று தலையும் மேஜையில் இடித்தன. மேஜை சாய்ந்தது. டப்பா உருண்டு அவள் காலடியில் போய் நின்றது. சாம்பல் பெயர்ந்து உள்ளே நீலம் தெரிந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். திறந்தாள்.

ஒரு பெரிய இரும்புக் கத்தரிக்கோல். ஒரு அளவு டேப். விரலுறை. ஊசிகள். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்ததால் ஒரு பொட்டுத் துரு இல்லை.

"இவ்வளவுதானா?" என்றான் மச்சினன். அவன் குரல் அப்படி உடைந்து அவன் அப்பா செத்த அன்றுகூட நான் கேட்டதில்லை.

"அப்பா வேற என்னத்தடா வச்சிருந்தாரு? இதை வச்சுத்தான் உன்னையும் என்னையும் வளர்த்தாரு."

மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தபால்காரர் கூலியாக ஒரு டப்பா எடுத்துப் போனார். 'தங்கம்' என்று எழுதியிருந்தது. அவரும் கற்றுக்கொள்ளவில்லை.

அவள் கத்தரிக்கோலில் விரல்களை நுழைத்து, முந்தானை நுனியில் தொங்கிய நூலை ஒரு வெட்டு வெட்டினாள். அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள் பாருங்கள். கல்யாணத்தன்றும் இப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. பத்தொன்பது வருஷம் அதன்மேல் மேஜையை நிறுத்தியிருக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். துரு.

"அதுல என்ன இருக்குன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கனம் கேட்டீங்க. பங்கு கேட்டீங்க. என்ன இருக்குன்னு கேக்கவே இல்லையே."

கேட்டில் ஹாரன் சத்தம். பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியோடு நின்றார். நாற்பது வருஷத்தையும் கேட்டுக்கே சுமந்து வைத்திருந்தது நானேதான். நான் போய்த் தடுப்பதற்குள் பாதி ஏறிவிட்டது.

"பதறாதீங்க. உங்க சாவி டப்பாவை எடுத்து வச்சிருக்கேன். ஜன்னல்கிட்ட மிஷின், பக்கத்துல உங்களுக்கு ஒரு ஸ்டூல். வந்து உக்காந்து சாவியை எண்ணுங்க, யார் வேணாம்னா?"

ஸ்டூல் என்றதும் கோபம் கொஞ்சம் இறங்கியது. இருந்தாலும் ஒன்று உறுத்தியது. வண்டிக்காரரிடம் போனேன்.

"உன்னை யாருப்பா வரச் சொன்னது?"

"அம்மாதான். புதன்கிழமை நாலு மணிக்குக் கரெக்டா வந்துடுன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"சனிக்கிழமை."

திரும்பி அவளைப் பார்த்தேன். "நாம படம் பார்த்ததே ஞாயித்துக்கிழமைதானே?"

அவள் டேப்பை எடுத்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன படம் போடுறான்னு பேப்பர்ல வெள்ளிக்கிழமையே வந்துடுதேங்க."