அசைக்க முடியாத மேசை

அந்த ஞாயிற்றுக்கிழமை வெர்லின் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனிமேல் இந்த வீட்டுக்கு நான்தான் தலைவன். அந்த முடிவை எடுத்தபோது அவர் நிலவறையில், பெரிய ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

மான்கறி எடுக்கத்தான் போனார். போன நவம்பரில் அவரே சுட்ட மான். மூடியைத் திறந்தால் மானைக் காணோம். துணி இருந்தது. பூப்போட்டது, கோடு போட்டது, கோழிக்குஞ்சு போட்டது, எல்லாம் இஸ்திரி போட்டு மடித்து, மேலே பனி படர்ந்து, அடுக்கடுக்காக. அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். அடியிலும் துணிதான். கை விறைத்ததுதான் மிச்சம்.

"ஆர்டித், என் மான் எங்கே?"

மேலேயிருந்து பதில் வந்தது. "ட்விலா அண்ணி வீட்டு ஃப்ரீசர்ல இருக்குங்க. பத்திரமா இருக்கு."

"ஏன், நம்ம ஃப்ரீசருக்கு என்ன கேடு?"

"துணியில பூச்சி விழுதுன்னு சங்கத்துல சொன்னாங்க. குளிர்ல வெச்சா செத்துடுமாம்."

"என் மான் ஏற்கனவே செத்துத்தானே இருந்துச்சு. அதை எதுக்கு வெளியேத்தினே?"

மேலே தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது.

ஆர்டித் ஒட்டுப்போர்வை தைப்பவள். அயோவாவில் சோளம் விளையாத ஊர் இருந்தாலும் ஒட்டுப்போர்வைச் சங்கம் இல்லாத ஊர் இருக்காது. நல்ல துணியாகப் பார்த்து வாங்கி, அதைச் சின்னச் சின்னதாக வெட்டி, வெட்டியதையெல்லாம் மறுபடியும் சேர்த்துத் தைக்கிற வேலை அது. "சேர்த்துத்தான் தைக்கப் போறேன்னா எதுக்கு வெட்டுறே?" என்று கல்யாணமான புதிதில் வெர்லின் ஒரு தரம் கேட்டார். ஒரு வாரம் சாப்பாடு ஆறிப்போய்த்தான் வந்தது. அப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

துணி வீட்டுக்குள் வருவதை யாரும் பார்த்ததில்லை. வந்திருக்கும், அவ்வளவுதான். பியானோ முக்காலியைத் திறந்தால் துணி. வான்கோழி வேகவைக்கிற பெரிய சட்டியைத் திறந்தால் துணி. மழை நாளில் ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டால் உள்ளே மெத்தென்று ஏதோ இருக்கும். மகள் ஜனெல் கல்யாணமாகி ஒமாஹாவுக்குப் போனபோது, அவளுடைய அறை தனக்குத்தான் என்று வெர்லின் கனவு கண்டார். மகள் கையாட்டிக்கொண்டே போன கார் தெருமுனை திரும்பவில்லை, அறைக்குள் துணி குடியேறிவிட்டது.

அந்த அறைதான் அவருக்கு வேண்டும். தானியக் கிடங்கில் காலமெல்லாம் தூசி தின்று ஓய்வு பெற்றவர். ஒரு பில்லியர்ட்ஸ் மேசை, ஒரு நாற்காலி, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். இதற்கு மேல் அவர் சொர்க்கத்தில்கூட எதையும் கேட்கமாட்டார்.

மதியச் சாப்பாட்டில் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"இந்த வீட்டுக்கு இன்னியிலேருந்து ரெண்டு சட்டம்."

"சொல்லுங்க," என்றாள் ஆர்டித், அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கைப் போட்டபடி.

"ஒண்ணு. இனிமே வெளியேருந்து ஒரு முழத்துணி வாசப்படி தாண்டி வரக்கூடாது. வீட்டுல இருக்கிறதை வெச்சுத்தான் தைக்கணும்."

"சரிங்க."

வெர்லினுக்கு ஏமாற்றமாக இருந்தது. சண்டைக்கென்று நாலைந்து வாக்கியம் யோசித்து வைத்திருந்தார். எல்லாம் வீண்.

"என்ன சரி?"

"வெளியேருந்து துணி வராது. வீட்டுல இருக்கிற துணியிலதான் தைக்கணும். அதானே? ரெண்டாவது என்ன?"

"ஜனெல் ரூம் எனக்கு. பில்லியர்ட்ஸ் மேசை போடப்போறேன்."

இப்போதுதான் ஆர்டித்தின் கை நின்றது. சன்னலுக்கு வெளியே சோளக்காட்டைப் பார்த்தாள். "அது அடியில கல்லு வெச்ச மேசையாச்சே. உள்ள வந்துட்டா யாராலயும் அசைக்க முடியாதேங்க."

"அதுக்குத்தான்."

"நல்லா யோசிச்சுக்குங்க."

"வந்துட்டா வந்ததுதான்," என்றார் வெர்லின். சொன்னது அவர் காதுக்கே கம்பீரமாக இருந்தது. அதனால் இன்னொரு தரமும் சொன்னார்.

அன்று மாலையே வேலியைத் தாண்டி ஆர்வல் வீட்டுக்குப் போனார். ஆர்வல் ஆர்டித்தின் அண்ணன், ட்விலாவின் கணவர், பக்கத்து வீடு. அவருடைய நிலவறையில்தான் இரண்டு பேரும் சனிக்கிழமைதோறும் பில்லியர்ட்ஸ் ஆடுவார்கள்.

"மச்சான், அந்த மேசையை விக்கப்போறேன்னியே. இன்னும் இருக்கா?"

"இருக்கு மாப்ள. சும்மாவே எடுத்துட்டுப் போ."

"சும்மாவா?"

"உனக்குத்தான் குடுக்கணும்னு ட்விலா நேத்தே சொல்லிட்டா. நீ இன்னிக்கு வந்து கேப்பேன்னும் சொன்னா." ஆர்வலின் முகம் வாடியிருந்தது. "இங்க அவளுக்குப் போர்வை தைக்கிற பெரிய மெஷின் வரப்போகுது. ரயில் பெட்டி நீளம். நான் இனிமே படிக்கட்டுலதான் உக்காரணும் போல."

"கவலைப்படாதே மச்சான். சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு வந்துடு."

ட்விலாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தபடியே வெர்லின் வேலி தாண்டி வந்தார். நேற்றே எப்படித் தெரிந்தது என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மேசையைக் கொண்டுவர ஊரில் தெம்புள்ள ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். கம்பளிக்கு அடியிலிருந்த கல்லை மூன்று துண்டாகக் கழற்றி, சன்னலைப் பெயர்த்து, உள்ளே இறக்கினார்கள். ஆர்வலின் இடுப்பு அன்று பிடித்துக்கொண்டது. கல்லைப் பொருத்தி, மேலே பச்சைக் கம்பளியை இழுத்து அடித்து, மட்டம் பார்த்தார்கள். பந்தை நடுவில் வைத்தால் வைத்த இடத்திலேயே தவம் செய்தது.

"ரொம்ப மட்டமா இருக்கா அண்ணா?" என்று கேட்டாள் ஆர்டித், எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டே.

"இதைவிட மட்டமான இடம் அயோவாவுலயே கிடையாது, தங்கச்சி."

ஆர்டித் திருப்தியாகத் தலையாட்டினாள். அவளே இறங்கிவந்துவிட்டாளே என்று வெர்லினுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரே ஒரு ஆட்டம் ஆடினார்கள். வெர்லின் ஜெயித்தார். அதுதான் முதலும் கடைசியும்.

வியாழக்கிழமை முடி வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் கார்கள். அவருடைய அறையில் பெண்கள். மேசையின் மேல் பிளைவுட் பலகை. பலகையின் மேல் அடித்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேலே ஒட்டுப்போட்ட துணி. மூன்றையும் சேர்த்து, மேசையைச் சுற்றி நின்று, எல்லோரும் ஊக்கு குத்திக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அண்ணே," என்றாள் ட்விலா. "உங்களைத்தான் வாழ்த்திக்கிட்டு இருக்கோம். இத்தனை வருஷம் சர்ச் தரையில முட்டி போட்டுத்தான் ஊக்கு குத்தினோம். சாமிக்குக்கூட நாங்க அவ்ளோ முட்டி போட்டதில்ல."

"இது பில்லியர்ட்ஸ் மேசை, ட்விலா."

"தெரியுதே அண்ணே. சுத்தி ஆறு இடத்துல பை வேற வெச்சிருக்கான் பாருங்க. தையக்காரிக்காகவே செஞ்ச மாதிரி."

வெர்லின் எட்டிப் பார்த்தார். ஒரு வலைப்பையில் நூல்கண்டு. ஒன்றில் கத்தரி. ஒன்றில் ஊக்கு டப்பா. ஒன்றில் இஞ்ச் டேப். ஒன்றில் கேரமல் மிட்டாய். ஆறாவதில் ஒரு பல்செட்.

"அது என்னோடது தம்பி," என்றார் சங்கத்திலேயே மூத்தவரான ஐயோன் அம்மா, பொக்கை வாயால் கேரமலைக் குதப்பியபடி. "இது பல்லுல ஒட்டிக்குது."

வெர்லின் மனைவியைத் தனியே கூப்பிட்டார்.

"இது என் ரூம்."

"உங்க ரூம்தாங்க. யாரு இல்லேன்னா?"

"அப்ப இதை எடு. நாளான்னிக்கு ஆர்வல் வரான்."

"பாதி ஊக்குதாங்க குத்தியிருக்கு. இப்ப அசைச்சா மூணு அடுக்கும் கோணிக்கும். அடுத்த வாரம் ஆடுங்களேன்."

அடுத்த வாரம் அடுத்த போர்வை. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. வெளியிலிருந்து புதுத்துணி வரக்கூடாது என்பதால், வீட்டில் பாதியில் நின்ற போர்வைகளையெல்லாம் முடிக்கிறாளாம். சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறவளை என்னவென்று திட்டுவது? செவ்வாய்க்கிழமை, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தாள். புதன்கிழமை, செவ்வாயன்று புரியாதவர்களுக்கு. பக்கத்து ஊர்ச் சங்கம் வேன் பிடித்து வந்து மேசையைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. சங்கக் கூட்டத்தில் வெர்லினை மேடையேற்றி, "மேசை குடுத்த வள்ளல்" என்று கைதட்டி, ஆப்பிள் அடைத்துச் சுட்ட ஒரு முழு வட்டப் பணியாரத்தைக் கையில் கொடுத்தார்கள். அவரும் குனிந்து வணக்கம் வைத்துவிட்டார். அது அவர் செய்த இன்னொரு தப்பு.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், மேசையைத் தூக்கி வெளியே போட ஆள் கேட்டுப் போனார். தூக்கி வந்தவர்கள் யாரும் தூக்கிப் போக வரவில்லை. "என் பொண்டாட்டி போர்வை விரிச்சு வைக்கிற ஹால் தரை இப்பத்தாண்ணே கண்ணுக்குத் தெரியுது. தயவுசெஞ்சு விட்டுடுங்க," என்றார் தபால்காரர். ஆர்வல் இடுப்பைக் காட்டினார்.

"எதுக்குங்க வீண் அலைச்சல்?" என்றாள் ஆர்டித். "வந்துட்டா வந்ததுதான்னு நீங்கதானே சொன்னீங்க. ரெண்டு தரம் சொன்னீங்க."

ஆகஸ்ட் வந்தது. மாவட்டக் கண்காட்சிக்குப் போர்வைகளை எடுத்துக்கொண்டு சங்கமே கிளம்பிப் போனது. வீடு காலி. வெர்லின் வேலியருகே நின்று விசிலடித்தார். இடுப்பு வலியை மறந்து ஆர்வல் வேலி தாண்டி வந்தார்.

"பலகையை அந்தப் பக்கம் பிடி மச்சான். இன்னிக்கு விட்டா கிடையாது."

இரண்டு பேருமாகப் பிளைவுட்டைத் தூக்கினார்கள். தூக்கியபடியே நின்றார்கள்.

கீழே கல் இருந்தது. வெறும் சாம்பல் நிறக் கல். ஒரு நூல்கூடப் பச்சை இல்லை. ஆர்வல், சாவு வீட்டில் செய்வதுபோல், தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

வெர்லினுக்கு ஆசை விடவில்லை. கோலை எடுத்து ஒரு பந்தை அடித்தார். அது கல்லின் மேல் கடகடவென்று ஓடி, விளிம்பில் எகிறி, சன்னல் வழியாகச் சோளக்காட்டுக்குள் போனது. தெருநாயெல்லாம் குரைத்தது.

வெர்லின் போய்ச் சேர்ந்தபோது கண்காட்சிக் கூடத்தில் ஒரே கூட்டம். நடுச்சுவரில் ஆர்டித்தின் போர்வை தொங்கியது. மூலையில் முதல் பரிசு நீல ரிப்பன். போர்வை முழுக்க மலைகள். ஒன்றன் பின் ஒன்றாக, அடர்ந்த பச்சைக் கம்பளி மலைகள். இரண்டாவது மலையின் மேல் லேசாக நீலத் தீற்றல். பரிசு கொடுத்த அம்மாள் அந்த இடத்தைக் காட்டி, "மேகத்தோட நிழலை எவ்வளவு நுணுக்கமா கொண்டுவந்திருக்காங்க," என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். வெர்லின் கோல் நுனியில் தேய்க்கிற நீலச் சுண்ணக்கட்டியின் கறை அது. அவர் ஜெயித்த ஆட்டத்தில் விழுந்தது.

"ஆர்டித். அது என் மேசை."

"ஆமாங்க," என்றாள் ஆர்டித். குரலில் ஒரு சலனமும் இல்லை. "மலைக்குப் பச்சை பத்தலைங்க. வீட்டுல அத்தனை துணி இருக்கு, இந்தப் பச்சை மட்டும் இல்ல. கடைக்குப் போயிருப்பேன். நீங்கதான் வீட்டுல இருக்கிற துணியிலதான் தைக்கணும்னு சொல்லிட்டீங்களே."

"இந்தக் காலத்துல புருஷன் பேச்சை யாரு அண்ணே இப்படிக் கேக்கிறா?" என்றாள் ட்விலா. சுற்றியிருந்த ஆண்கள் பொறாமையோடு வெர்லினைப் பார்த்தார்கள். பரிசு கொடுத்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெர்லினும் நன்றி சொன்னார்.

ஆர்டித் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் போர்வையைப் பார்த்தாள்.

"மலை நல்லாத்தான் வந்திருக்கு அண்ணி. ஆனா மாடு இல்லாம வெறிச்சுன்னு இருக்கு. அடுத்த வருஷம் மாடு வைக்கணும். நல்ல பழுப்பு மாடா."

வீட்டுக்கு வந்ததும் துணி அலமாரியைத் திறந்தாள். வெர்லின் சர்ச்சுக்குப் போட்டுப்போகிற பழுப்புக் கம்பளிக் கோட்டின் கையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து, மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாள். கடையில் துணி பார்க்கும்போது அப்படித்தான் பார்ப்பாள். அலமாரியை மூடிவிட்டுச் சமைக்கப் போனாள்.

வெர்லினுக்கு இந்தத் தடவை புரிந்துவிட்டது. முதன்முறையாக அவர் முந்திக்கொண்டார். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில், அந்தக் கோட்டைப் போட்டு, கழுத்து வரை பொத்தான் மாட்டிக்கொண்டார். கழற்றவேயில்லை. அதோடு சாப்பிட்டார், அதோடு செடிக்குத் தண்ணீர் விட்டார், அதோடு படுத்தார். வியர்வை ஆறாக ஓடியது. "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதாங்க?" என்று ஆர்டித் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு, குப்புறக் கவிழ்ந்து, ஜெயித்தவன் தூக்கத்தை நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டோடுதான் சர்ச்சுக்குப் போய், நெஞ்சை நிமிர்த்தி முன்வரிசையில் நின்றார். பின்வரிசையில்தான் முதலில் சிரிப்பு கிளம்பியது. கோட்டின் முதுகில், காது கொம்பு வால் எல்லாம் சரியாக, ஒரு மாட்டின் வடிவத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது.