கணக்கு இருக்கும் ஊரில்தான் வழக்கு

திருப்பூர்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் கோமதிநாயகம் எழுதுவது.

நான் இங்கே நலமாக இல்லை. நீங்களும் அத்தையும் நலம் என்று நேற்று ஆறுச்சாமி சொன்னார். என் பணத்தை ஏமாற்றியவர் வாயால் என் மாமாவின் சுகத்தைத் தெரிந்துகொள்கிறேன். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

என் யூனிட்டில் நாலு பெண்கள் ராப்பகலாகத் தைத்த பனியன்களை வாங்கிக்கொண்டு ஆறுச்சாமி ஒரு செக் கொடுத்தார். செக் திரும்பி வந்துவிட்டது. அந்த நாலு பேர் கூலியும் அதில்தான் இருக்கிறது. சனிக்கிழமையானால் வாசலில் வந்து நிற்கிறார்கள். "செக்குல ஓட்டை இருந்தா குடுங்ணா, நாங்களே தைச்சுத் தர்றோம்" என்கிறாள் மகுடேஸ்வரி.

நோட்டீஸ் விட்டேன், அசையவில்லை. வழக்குப் போடப் போனேன். சரக்கு கொடுத்தது திருப்பூர், செக் எழுதியது திருப்பூர், அதை நான் வங்கியில் போட்டது திருப்பூர். அவர் வீடு எனக்கு மூணாவது தெரு. வக்கீலம்மா பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு, "உங்க கணக்கு எந்தக் கிளையில தம்பி இருக்கு?" என்றார். சங்கரன்கோவில் என்றேன். "அப்ப அங்க போங்க. செக்கை எந்த ஊர்க் கிளையில போட்டாலும், கணக்கு இருக்கற கிளையில போட்டதாத்தான் சட்டம் எடுத்துக்கும். அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம்."

எனக்கு ஏன் மாமா சங்கரன்கோவிலில் கணக்கு இருக்கிறது? உங்களோடு சீட்டாடும் மேனேஜருக்குப் புதுக்கணக்கு குறையுதுன்னு, தொட்டில்ல கெடந்த பிள்ளை வரைக்கும் குடும்பத்தையே இழுத்துட்டுப் போய்க் கணக்குத் தொடங்குனது யாரு? திருப்பூருக்கு மாத்துறேன்னு சொன்னப்ப, "மாத்தாதல, மேனேஜர் மனசு சங்கடப்படும்"னு தடுத்தது யாரு? இப்ப அந்த மேனேஜர் மாறுதல் வாங்கிட்டுப் போயாச்சு. நான்தான் பஸ்ஸுல போறேன். அதே பஸ்ஸுல ஆறுச்சாமியும் வர்றாரு. "தம்பி, நீங்க ஜன்னலோரம் உக்காருங்க, உங்களுக்கு வாந்தி வருமில்லீங்க"ன்னு உபசாரம் வேற. சில்லறை இல்லைன்னாரு, அவருக்கும் சேத்து நான்தான் டிக்கெட் எடுத்தேன்.

அதைக்கூட விடுங்க. பஸ் ஸ்டாண்டுல எங்களைப் பாத்ததும், "நம்ம வீடு இருக்கப்ப லாட்ஜ் எதுக்கு?"ன்னு அவரையும் கூட்டிட்டுப் போனீங்க. கோழிக்குழம்பு. மறுநாள் கோர்ட்டுல உள்ளூர் ஜாமீன் கேட்டப்ப, அவரு திருதிருன்னு முழிச்சாரு. எனக்கு அப்பத்தான் கொஞ்சம் சந்தோசம் வந்துச்சு. நீங்க வீட்டு வரி ரசீதோட ஓடி வந்தீங்க. கேட்டா, "நம்ம வீட்டுல கை நனைச்ச மனுசனை உள்ள போகவிடச் சொல்லுதியால?"ன்னு என்னையே திட்டுதீங்க.

ஏமாத்துனவருக்கு ஜாமீன் கிடைக்குது, என் காசுல பஸ் டிக்கெட் கிடைக்குது, கோழி கிடைக்குது. தைச்சவளுக்கு அடுத்த வாய்தா மட்டும் கிடைக்குது. மகுடேஸ்வரிக்கு உள்ளூர்க் கடையில கடனுக்கு அரிசி குடுக்க மாட்டேங்குறாங்க. அவளுக்கு ஜாமீன் போட ஓடி வர ஒரு மாமனும் இல்ல.

இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு அன்பு. உங்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கோமதிநாயகம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஆறுச்சாமி வந்தார். பாதிப் பணம் ரொக்கமாகக் கொடுத்தார். மகுடேஸ்வரி எண்ணி வாங்கி நாலு பேருக்கும் பங்கிட்டுவிட்டாள். "கோர்ட்டுக்கெல்லாம் பயமில்லீங்க தம்பி. உங்க மாமா என்னைய நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டாரு, அந்த மனுசன் தலைகுனியக் கூடாதுங்க" என்றார். திங்கட்கிழமை வாய்தாவுக்கு இருவரும் வருகிறோம், இரண்டு பாய் போடச் சொல்லுங்கள். அன்று அவருக்கு விரதம், கோழி வேண்டாம். மீதிக்கு ஒரு செக் கொடுத்திருக்கிறார். அதையும் சங்கரன்கோவில் கணக்கில்தான் போடப்போகிறேன்.