சட்டைக் காலரில் ஒரு சந்தேகம்

மூட்டைப்பூச்சிகள் டூர் பஸ்ஸின் கடைசி வரிசையில்தான் முதலில் குடியேறின. மூன்றாம் நாள் சாயங்காலம் அவை டிரைவரின் கழுத்து வரைக்கும் வந்துவிட்டன. விஷயத்தைப் போனில் சொன்னதும் முதலாளி பதறிவிட்டார்.

"வெளிய மூச்சு விட்டுடாதீங்க. மூட்டைப்பூச்சி வண்டின்னு பேர் வந்துச்சு, அப்புறம் நம்ம பஸ்ல ஈ காக்கா ஏறாது. உங்க வீட்டுலகூடச் சொல்லக் கூடாது."

வீட்டில் சொல்கிற எண்ணம் டிரைவருக்கும் இல்லை. விருந்தாளி எழுந்துபோன நாற்காலியை வெந்நீரில் துடைக்கிறவள் அவர் மனைவி. பூச்சி என்ற சொல் காதில் விழுந்தாலே போதும், அவரையும் சேர்த்துத் துடைத்துவிடுவாள்.

கதவைத் திறந்ததுமே அவள் பார்வை கழுத்துக்குப் போனது.

"என்னங்க அது, செவப்பா?"

"வேர்க்குரு."

"இந்தக் குளிர்லயா?"

கிட்டே வந்தாள். காலரைப் பிரித்தாள். இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பார்த்தாள். ஏதோ தலைமுடி போலிருக்கிறது என்று டிரைவர் நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவள் கேட்டாள்:

"யாரு அவ?"

டிரைவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

காரணம் இருக்கிறது. அதே கம்பெனியில் இன்னொரு டிரைவர் உண்டு. கறுப்புக் கண்ணாடி, சாயம் பூசிய மீசை. எல்லோரும் அவனை ஹீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு டூர் முடிந்ததும் ஹீரோவின் மனைவி ஷெட்டுக்கே வந்து அவன் சட்டையை மோந்து பார்ப்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நம்மவருக்கு மட்டும் வயிறு எரியும். பதினெட்டு வருஷத்தில் அவர் மனைவியும் அவர் சட்டையை மோந்ததுண்டு, துவைக்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுவதற்காக.

"யாருமில்லையே," என்றார். இல்லை என்பதை இருக்கிறது என்று கேட்கும்படி இழுத்துச் சொன்னார்.

"அவ தொட்ட சட்டையோட என் வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. வாசல்லயே கழட்டுங்க."

சட்டை, பேன்ட், பனியன் எல்லாம் கொதிக்கிற தண்ணீருக்குப் போயின. "அவ வாசனை போற வரைக்கும் வேகட்டும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டிரைவர் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நடுங்கினார். உடம்புதான் நடுங்கியது, மனசு குளிர்ந்துபோயிருந்தது. வழுக்கை, தொப்பை, மூக்குக்கண்ணாடி, இத்தனைக்கும் ஒருத்தி பொறாமைப்படுகிறாளே!

மறுநாள் ஷெட்டில் ஹீரோவிடம் அலுத்துக்கொள்கிற மாதிரி சொன்னார். "வீட்டுல ஒரே சந்தேகம்ப்பா. பிடுங்கி எடுக்கிறா."

ஹீரோ அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். "உங்க மேலயாண்ணே?"

அந்தக் கேள்விக்காகவே இதை விடக் கூடாது என்று டிரைவர் முடிவு பண்ணினார்.

அன்று அவரே ஒரு டப்பா மருந்து வாங்கிக் கடைசி வரிசையில் அடித்தார். பூச்சிகள் சாகவில்லை, முன் வரிசைக்கு இடம் மாறின. மருந்து நாற்றத்தை மறைக்க அரை பாட்டில் சென்ட்டைத் தன்மேல் கொட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"சென்ட் வேறயா! இனிமே கட்டில் பக்கம் வந்தீங்கன்னா பாருங்க. அவளை நெனச்சுக்கிட்டு என் மெத்தையில படுக்க வேணாம்."

அவர் தலையணையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி மாடியில் எறிந்தாள். டூர் பைக்கும் அதே கதி. டிரைவருக்குப் பால்கனியில் ஒரு இரும்பு நாற்காலி கிடைத்தது.

"உண்மையைச் சொல்லிடுங்க. யாரு?"

"ஒரு டீச்சர்."

சொன்ன பிறகுதான் டீச்சரை உண்டாக்க வேண்டியிருந்தது. டிரைவருக்குக் கற்பனை வராது. பூச்சிகள் போன வழியையே டீச்சருக்கும் மாட்டிவிட்டார்.

"மொதல்ல எங்க உக்காந்தா?"

"கடைசி வரிசை. ஜன்னலோரம்."

"இப்போ?"

"கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி வந்துட்டா. எனக்குப் பின் சீட்டு."

"உங்க சீட்டுக்கே வந்துட்டாளா?"

டிரைவர் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தார். மனைவி ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

"அப்ப அவளோடவே இருங்க. இந்த வீட்டுல உங்களுக்கு இடமில்ல."

ஒரு போர்வை வாசலில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து படுக்கை பஸ்ஸில். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். முப்பத்தாறு சீட்டுப் பூச்சிகளுக்கும் ஒரே ஒரு ஆள்.

"எத்தனை நாள்ல கோபம் தணியும்?" என்று ஹீரோவைக் கேட்டார்.

"ரெண்டே நாள். மூணாவது நாள் அழுவாங்க. நாம சத்தியம் பண்ணணும்."

ஐந்தாவது நாளாகியும் அவள் அழவில்லை. மாற்றுத்துணி வாங்கப் போனபோது சமையலறை ஜன்னல் வழியே பார்த்தார். வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வேறு.

"நீங்க சொல்ற வரைக்கும் அவரை உள்ள விடமாட்டேன்... ஆமா, ஒரு சந்தேகமும் வரல அவருக்கு."

டிரைவர் மாற்றுத்துணியை மறந்து ஜன்னலை விட்டு விலகினார். யார் அவன்? கட்டின புருஷனை வெளியே நிறுத்தச் சொல்லும் அந்த மகராசன் யார்? பொறாமை என்பது வாங்கிக்கொள்ளும்போது இனிக்கிறது, படும்போது இப்படியா அறுக்கும்? அன்று முழுக்க கியரை மாற்றி மாற்றிப் போட்டார். இறங்கவேண்டிய இடத்தில் பயணிகளை இறக்காமல் அரை மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். "வண்டியை ஷெட்ல விட்டுட்டு நீங்க போங்க. கொஞ்சம் வேலை இருக்கு."

டிரைவர் நேராக வீட்டுக்கு நடந்தார். சாயங்காலம் வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் கதவைத் திறந்ததும் முதலாளி, வேலை, ரகசியம் எல்லாம் காற்றில் பறந்தன.

"டீச்சரும் இல்ல, ஒருத்தியும் இல்ல! மூட்டைப்பூச்சி! வண்டி முழுக்க மூட்டைப்பூச்சி! உன் தலைமேல சத்தியம்!"

"இதை நான் நம்பணுமாக்கும்?"

"நம்பு, நம்பாமப் போ. அந்தப் போன்ல பேசினானே, அவன் யாரு? நான் இல்லாம உனக்கு எப்படிடி சிரிப்பு வருது?" சட்டென்று குரலை இறக்கினார். "பதினெட்டு வருஷம்... என்னை விட்டுடாதே."

அவள் வாயைத் திறப்பதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதுகில் மருந்து டேங்க்கும் கழுத்தில் தொங்கும் முகமூடியுமாக ஒரு ஆள் வந்து நின்றான். டிரைவரைத் தாண்டி அவளைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அக்கா, டீச்சர் உக்காந்ததுன்னு நீங்க எழுதிக் குடுத்த சீட்டு எல்லாத்துலயும் மருந்தடிச்சாச்சு, ஒரு பூச்சி மிச்சமில்ல, இனிமே பொறாமைப்படுறதை நிறுத்திட்டு அண்ணனை உள்ள விட்டுடலாம்."