சேர்த்து எழுத வேண்டிய ஆட்டுத்தொடை

ஸ்கார்விகா,
ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய ஆசிரியர் எய்லிஃப் பிரெக்கெ அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் பத்திரிகையும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் காரியத்தில் மண்ணைப் போடுகிறவர்களுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்?

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் மிஞ்சியிருப்பது என்னையும் சேர்த்து ஐந்து பேர். எட்டுப் பேராவது தேறாவிட்டால் கோடையோடு குழுவைக் கலைத்துவிடுவதாகப் போதகர் சொல்லிவிட்டார். பாட ஆள் பிடிக்கத்தான் சனிக்கிழமை விருந்து வைத்து, தங்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன்: ‘சபைக்கூடத்தில் லம்மெலோர், அனைவரும் வருக.’ ஒரே சொல். முதல் அசையில் அழுத்தம். தங்களுக்குத் தெரியாதிருக்கலாம் என்பதால் சொல்கிறேன், நம் நார்வேஜிய மொழியில் இதன் பொருள் ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. தாங்கள் அதை நடுவில் வெட்டி ‘லம்மெ லோர்’ என்று அச்சடித்தீர்கள். இப்போது இரண்டு சொல்லிலும் அழுத்தம் விழும். பொருள், முடங்கிப்போன தொடைகள்.

பாட வரவேண்டிய இளசுகள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊன்றுகோலோடு பதினோரு பேர் வந்தார்கள். என் மனைவி தூருன் காலையிலிருந்து அடுப்போடு மல்லாடிச் சுட்ட கறியை மேசையில் வைக்கிறாள், பழைய மீனவர் ஹால்வ்தான் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, “சாப்பாடு அப்புறம் ஆகட்டும்மா, தொடைக்கு ஊசி போடுறவரு எப்ப வருவாரு?” என்று கேட்கிறார். இது ஆட்டுத்தொடை ஐயா என்று அசை பிரித்து, அழுத்தம் கொடுத்து, இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “அடப் பாவமே, ஆட்டுக்கும் இதே வியாதியா?” என்றார்.

திருத்தம் போடச் சொன்னேன். போட்டீர்கள். அந்தச் சொல் வரியின் கடைசியில் வந்து விழுந்தது. மூட்டுப் பார்த்து வெட்ட வேண்டும் என்று கறிக்கடைக்காரனுக்குத் தெரியும், தங்கள் கணினிக்குத் தெரியாது. அது ‘லம்-’ என்று மேலே நிறுத்தி, ‘மெலோர்’ என்று கீழே தள்ளியது. ‘லம்’ என்றால் முடங்கிய, ‘மெல்’ மாவு, ‘ஓர்’ வருடம். முடங்கிய மாவு வருடம்! பேக்கரி வைத்திருக்கும் போர்க்ஹில்ட் விடிந்ததும் விடியாததுமாகக் கூப்பிட்டு, “மாவுக்குத் தட்டுப்பாடு வருதா வாத்தியாரே? நாலு மூட்டை வாங்கி வச்சுக்கவா?” என்கிறாள்.

எய்லிஃப், ஏழாம் வகுப்பிலேயே உன் அப்பாவிடம் சொன்னேன், இவனை மீன்பிடிப் படகுக்கு அனுப்புங்கள், மீனுக்கு எழுத்துப்பிழை தெரியாது என்று. அவர் கேட்கவில்லை, ஊர் அனுபவிக்கிறது. இந்த வாரத்தோடு என் சந்தாவை நிறுத்திவிடு.

உன் குடும்பத்துக்கு ஆண்டவர் எல்லா நலமும் அருளட்டும். உனக்கு மட்டும் முதலில் இலக்கணம் அருளட்டும்.

இப்படிக்கு,
சிக்வார்ட் ஹோவ்டென்
ஓய்வுபெற்ற நார்வேஜிய மொழி ஆசிரியர்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஹால்வ்தான் வந்தார், பின்னாலேயே மற்றப் பத்துப் பேரும். கறி பிடித்துப்போயிற்றாம், பாட வருகிறார்களாம். மனிதர் அடிக்குரலில் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஆக, பதினாறு பேர். சந்தா ஓடட்டும். குழுவுக்குப் புதுப்பெயரும் வைத்துவிட்டார்கள். ஆதரவு பதினைந்து ஓட்டு, எதிர்ப்பு ஒன்று. வியாழக்கிழமைப் பயிற்சிக்கான விளம்பரம் இத்துடன். பெயர் ‘லம்மெ லோர்’. இரண்டு சொல். தயவுசெய்து சேர்த்துத் தொலைத்துவிடாதே.